பருந்து பார்த்த பனி

நான்காம் எண் அறையிலிருந்து மேஜையை ஓங்கிக் குத்தும் சத்தம் கேட்டது. தொடர்ந்து ஒரு தம்ளர் உருண்டு, தயங்கி, தரையில் விழும் சத்தம்.

கரும்பலகையில் 'காட்சி முனை: மூடியி' என்பது வரை எழுதியிருந்த மேனேஜரம்மா, சாக்பீஸை நிறுத்திவிட்டுக் கண்களை ஒரு கணம் மூடிக்கொண்டாள். போனில் அவள் பேசியது சுவர் தாண்டிக் கேட்டிருக்கிறது. பேசியதே இரண்டு வார்த்தை. "மூடியிருக்கா? சரி." அதற்கே இந்தக் குத்து. மீதியை எழுதினாலும் திட்டு, எழுதாவிட்டாலும் திட்டு. எழுதியே திட்டு வாங்கலாம் என்று 'ருக்கிறது' என்பதையும் சேர்த்து எழுதி, கையைத் துடைத்துக்கொண்டாள்.

கதவு படாரென்று திறந்தது. அட்டவணைக்காரர் வந்தார்.

பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அவள் மனசுக்குள் வைத்த பெயர் இதுதான். ஏதோ ஒரு பஸ் கம்பெனியில் அவர் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்கு வந்து சேர வேண்டும் என்று இருபத்தைந்து வருஷமாகச் சீட்டு எழுதியவர், மனைவியோடு ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்துக்கும் ஒரு சீட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். மொத்தம் பதினோரு இடங்கள். 'காட்சி முனை: 9.10 முதல் 9.35 வரை. காடு: 9.50 முதல் 10.20 வரை.' காடு என்னவோ இவருக்காக ஒன்பது ஐம்பதுக்குக் கடை திறக்கிற மாதிரி.

"மூணாவது நாள்மா!" என்றார்.

"தெரியுங்க சார்."

"முதல் நாள் பனி. சரின்னு விட்டேன். நேத்தும் பனி. அதையும் முழுங்கினேன். இன்னைக்கும் பனியா? பனி என்ன உங்க லாட்ஜ்ல மாசச் சம்பளத்துக்கு இருக்கா, ஒரு நாள்கூட லீவு எடுக்காம?"

"பனியை நான் கொண்டாந்து கொட்டலைங்களே சார்."

"கொட்டலை. ஆனா பலகையில எழுதுறீங்க."

அவர் பின்னால் அவருடைய மனைவி வந்து நின்றாள். கையில் அந்தத் தம்ளர். அடியில் நசுங்கியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு, மன்னிப்புக் கேட்கும் பார்வை ஒன்றை மேனேஜரம்மாவுக்கு அனுப்பினாள். இருபத்தைந்து வருஷமாக அதே பார்வையை ஊரெல்லாம் அனுப்பிப் பழகியவள் போலிருந்தது.

மேனேஜரம்மா உண்மையில் மேனேஜர் இல்லை. மேனேஜர் என்று ஒருவர் அந்த லாட்ஜில் இருந்ததே கிடையாது. முதலாளி கீழே சமவெளியில் இருந்தார். மாதத்துக்கு ஒரு தடவை வந்து, சுவரில் ஈரம் ஏறியிருப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அறை கூட்டித் துடைக்க வந்தவள், விருந்தாளிகளின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்தே பதிவேடு எழுதக் கற்றுக்கொண்டு, ஒரு நாள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. மகளை வளர்த்து, படிக்கவைத்து, கல்யாணம் பண்ணிக் கொடுத்ததெல்லாம் அந்த மேஜைக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறையிலிருந்துதான்.

இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் கேட்காத பேச்சு இல்லை. "பனியை எத்தனை மணிக்கு எடுப்பீங்க?" என்று கேட்டவர் உண்டு. "எங்களுக்கு முன்னாடி வந்தவங்களுக்கு மட்டும் அருவியில தண்ணி விட்டீங்களாமே" என்று சண்டைக்கு வந்தவர் உண்டு. மலை நன்றாக இருந்தால் கடவுளுக்கு நன்றி. மலை தெரியாவிட்டால் மேனேஜரம்மாவுக்குத் திட்டு. இதென்ன நியாயம் என்று அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

அந்தப் பலகைக்கு ஒரு மரியாதை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். லாட்ஜ் இருப்பது மலையின் மடியில், மரங்களுக்கு அடியில். காட்சி முனை இருப்பது உச்சியில். கீழே வெயிலடிக்கும்போது மேலே பனி அப்பிக்கொண்டிருக்கும்; கீழே ஒன்றும் தெரியாதபோது மேலே பளிச்சென்று இருக்கும். கீழிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே முனையின் காவலாளி தினமும் காலையில் ஆறரை மணிக்கு எதிர்மலையைப் பார்ப்பார். தெரிந்தால் 'திறந்திருக்கு' என்று போன் பண்ணுவார். தெரியாவிட்டால் 'மூடியிருக்கு' என்று சொல்லிவிட்டு, காட்டின் கீழ்வாசலில் சங்கிலியைக் கட்டிவிடுவார். பனி இருக்கும்போது விளிம்புக்கு யாரையும் விடக்கூடாது என்பது வனத்துறையின் கண்டிப்பான விதி. அவர் சொல்வதை மேனேஜரம்மா பலகையில் எழுதுவாள். தெருவிலுள்ள மற்ற ஐந்து லாட்ஜுகளும், வேன் ஓட்டுகிறவர்களும் அதைப் பார்த்துத்தான் அன்றைய பிழைப்பைத் தொடங்குவார்கள்.

அந்தக் காவலாளி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ஊரில் அவரைப் பருந்தண்ணன் என்பார்கள். எதிர்மலையில் மேயும் ஆடுகளில் எது நொண்டுகிறது என்று இங்கிருந்தே சொல்லக்கூடிய கண். ஒரு தடவை பள்ளத்தாக்கில் தொலைந்துபோன ஒருவனை, அவனுடைய சட்டைப் பொத்தான் மின்னியதை வைத்துக் கண்டுபிடித்துக் கொடுத்தவர். இருபத்தாறு வருஷமாக அவருடைய வாய் வார்த்தைதான் அந்தத் தெருவுக்கு வானிலை அறிக்கை. இந்த மூன்று வாரமாக அந்த அறிக்கை 'மூடியிருக்கு' என்ற ஒரே வார்த்தைதான்.

அந்த நேரம் பார்த்துத்தானா பால்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும்!

"என்னக்கா, இன்னைக்கும் மூடியிருக்குன்னு எழுதிட்டீங்க? மேல நல்ல வெயிலாச்சே!"

அட்டவணைக்காரரின் முகம் தீபம் ஏற்றியது போல் ஆனது.

"கேட்டீங்களா? கேட்டீங்களா?"

"ரோட்டுல வெயிலடிச்சா முனையிலயும் அடிக்கணும்னு சட்டமா?" என்று மேனேஜரம்மா பால்காரர் மேல் பாய்ந்தாள். "நீ பாலை ஊத்திட்டுப் போ. வெயிலை ஊத்தாத."

"எங்களை ஏமாத்துறீங்க" என்றார் அட்டவணைக்காரர். "ஒரு நாள் கூடுதலாத் தங்க வைக்கிறதுக்குத்தானே இந்த வேலை? அந்தக் காவலாளியும் நீங்களும் கூட்டு."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தன்னைச் சொன்னால் காற்றில் விடுவாள். அண்ணனைச் சொன்னால்?

"சார், எங்க அண்ணனோட கண்ணைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. அவர் பனின்னு சொன்னா பனிதான். வாங்க, நானே வர்றேன். பனி இருந்துச்சுன்னா இந்த ஊரை விட்டுப் போறவரைக்கும் நீங்க வாயைத் திறக்கக்கூடாது. சம்மதமா?"

"நல்ல ஏற்பாடா இருக்கே" என்று முதன்முறையாக அவர் மனைவி பேசினாள். "பனி இருக்கணும்னு நான் வேண்டிக்கிறேன்."

அறை கூட்டுகிற பெண்ணை மேஜையில் உட்காரவைத்துவிட்டு, மேனேஜரம்மா செருப்பை மாட்டினாள். முனைக்கு ஏறி நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவளுக்கு அந்த வழியில் நடக்க நேரம் வாய்த்ததில்லை.

கீழ்வாசலில் சங்கிலி கட்டியிருந்தது. அட்டவணைக்காரரின் காரை நிறுத்திவிட்டு, பக்கத்து ஒற்றையடிப் பாதையில் ஏறினார்கள். காடு அவர்களை உள்ளே வாங்கிக்கொண்டது. வானத்தைத் தாங்கிப் பிடித்த மாதிரி மரங்கள். பாசி பிடித்த வேர்கள். காலடியில் மெத்தென்று பழைய இலைகள். எங்கோ ஒரு பறவை, கேள்வி கேட்பது போல ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. யாராக இருந்தாலும் இரண்டு நிமிஷம் நின்று மூச்சு விடத் தோன்றும் இடம்.

அட்டவணைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"காட்டுக்கு முப்பது நிமிஷம் போட்டிருந்தேன். இப்பவே முப்பத்தெட்டு. எட்டு நிமிஷத்தை அருவியில குறைக்கணும்."

"பாவம் அருவி" என்றாள் மனைவி.

"மான் வரும்னு புத்தகத்துல போட்டிருந்துச்சே, எங்க?"

"நீங்க வர்றதா அதுக்குச் சொல்லி அனுப்பலைங்களே சார்" என்றாள் மேனேஜரம்மா, மூச்சு வாங்கியபடி.

ஆனால் அவளுடைய கவனமெல்லாம் மானிலும் இல்லை, அவர் பேச்சிலும் இல்லை. இலைகளுக்கு நடுவே தரையில் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. வட்டம் வட்டமாக, தங்கக் காசு கொட்டியது போல. அவள் அதை மிதித்து மிதித்து நடந்தாள். இதெல்லாம் இங்கேதான், இன்னும் கொஞ்சம் ஏறினால் பனி வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பத்தொன்பது வருஷமாக விருந்தாளிகளுக்காக வெயில் வேண்டி நின்றவள், அன்றைக்கு முதன்முதலாகப் பனியை வேண்டினாள். ஒரு முழம் பனி. ஒரு சாண் பனி போதும்.

மரங்கள் முடிந்தன.

பனி இல்லை. பேருக்குக்கூட இல்லை. கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி வானம். அதற்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மலைவரிசைகள், பச்சை, நீலம், சாம்பல். பள்ளத்தாக்கின் அடியில் நூல் மாதிரி ஆறு. எதிர்மலையில் அருவி விழுவது தெரிந்தது. விழுந்து தெறிப்பதுகூடத் தெரிந்தது.

இரும்புக் கம்பித் தடுப்புக்கு அருகில், அந்த மூன்று மலைகளையும் நேருக்கு நேர் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் பருந்தண்ணன். சுட்டெரிக்கும் வெயிலில் கம்பளிக் கோட்டு. கழுத்து வரை பொத்தான். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார்.

"யாருங்க அது? சங்கிலியைப் பார்க்கலையா? இன்னைக்கு மூடியிருக்குங்க. கையை நீட்டினா கை தெரியல. திரும்பிப் போயிடுங்க."

அவர்கள் மூவரும் அவருக்கு எட்டடி தூரத்தில் நின்றிருந்தார்கள்.

மேனேஜரம்மா இரண்டு எட்டு முன்னால் வந்து பார்த்தாள். அண்ணன் தன்னைப் பார்க்கிறார். தன் முகத்தையே பார்க்கிறார். ஆனால் பார்க்கவில்லை. அந்தக் கண்களின் கருமணி நடுவில், பாலில் விரலை நனைத்து வைத்த மாதிரி ஒரு வெண்மை.

"அண்ணே" என்றாள்.

"பாப்பாவா?" அவர் துள்ளி எழுந்தார். "நீ எதுக்கு இந்தப் பனியில ஏறி வந்தே? மூட்டு வலிக்குமே!"

ஐம்பது வயதுத் தங்கையைப் பாப்பா என்று கூப்பிடும் ஒரே ஆள் உலகத்தில் அவர்தான்.

அட்டவணைக்காரர் வாயைத் திறந்தார். அவர் மனைவி அவருடைய முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். எதற்கும் அடங்காத மனுஷர் அந்த அழுத்தத்துக்கு அடங்கினார். ஆனால் சும்மா இருக்க முடியுமா? மூன்று நாள் காத்திருந்த காட்சி. தடுப்பின் ஓரமாகப் போனார். கம்பி ஓரிடத்தில் வளைந்திருந்தது; அதில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, படம் எடுக்கக் கேமராவை நீட்டினார். காலுக்கடியில் சரளைக்கல் சரிந்தது.

"ஏங்க!" என்று மனைவி அலறினாள்.

அடுத்த நொடி நடந்ததை மேனேஜரம்மா பிறகு பல நாள் கனவில் பார்த்தாள். அட்டவணைக்காரரின் ஒரு கால் விளிம்புக்கு வெளியே. அவருடைய இடுப்பு வாரை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்து தொங்குகிறாள் மனைவி. நான்கடி தள்ளி, முனையின் காவலாளி, இருபத்தாறு வருஷமாக ஒரு உயிரைக்கூடத் தவறவிடாத மனுஷர், விசிலை வாயில் வைத்து உயிர்போக ஊதுகிறார். கையை விரித்து ஓடுகிறார். எதிர்ப்பக்கமாக.

வெறுங்காற்றைப் பிடித்தார். மறுபடி பிடித்தார்.

மேனேஜரம்மா பாய்ந்து அந்த அம்மாளோடு சேர்ந்து இழுத்தாள். மூன்று பேரும் தரையில் விழுந்தார்கள். கல் ஒன்று உருண்டு போய் எங்கேயோ ஆழத்தில் விழும் சத்தம் வெகு நேரம் கழித்துக் கேட்டது.

"யாருக்கு என்ன ஆச்சு? பாப்பா! யாருக்கு என்ன ஆச்சு?"

அவர் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணும் ஆகலை. சாயங்காலம் நாலு மணிக்கு லாட்ஜுக்கு வா" என்றாள் அவள், புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு.

"பனி எப்படி இருக்குமோ..."

"வா!"

அந்த ஒரு எழுத்தில் இருந்த சூட்டைக் கேட்டு அவர் தலையை ஆட்டினார்.

இறங்கும்போது அட்டவணைக்காரர் ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை. அறைக்குப் போனதும்தான் அவருக்கு உயிர் திரும்பியது. உயிர் திரும்பியதும் கோபமும் திரும்பியது. கோபம் வந்தால் அவருக்கு எழுத வேண்டும். மத்தியானம் முழுக்க நான்காம் எண் அறையில் பேனா ஓடியது.

மூன்று மணிக்கு அவர் மனைவி மட்டும் மேஜையருகே வந்தாள்.

"வனத்துறைக்கு எழுதுறார். காலையில ஊருக்குப் போற வழியில ஆபீஸ்ல குடுத்துட்டுப் போகப்போறாராம். நான் சொன்னாக் கேக்க மாட்டார். ஒரு கால் வெளியே போன மனுஷன், நானும் ரொம்பச் சொல்ல முடியல."

"அவரு எழுதுறதுல என்னம்மா தப்பு" என்றாள் மேனேஜரம்மா.

"உங்க அண்ணனுக்குக் கண்புரை. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. சின்ன ஆபரேஷன், ஒரே வாரத்துல பேப்பர் படிச்சார். அவரே முன்னாடி போய்ச் சொல்லிட்டார்னா அது உடம்புக்கு முடியாத கதை. எங்க வீட்டுக்காரர் கடிதம் முன்னாடி போச்சுன்னா அது வேற கதை. ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும்தானே?"

நாலு மணிக்கு அண்ணன் வந்தார். மேஜைக்குப் பின்னாலிருந்த அறையில், கட்டிலில் குவித்திருந்த தலையணை உறைகளைத் தள்ளிவிட்டு உட்காரவைத்தாள். தேநீரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவருடைய கை பக்கத்து முக்காலி மேல் எறும்பு மாதிரி ஊர்ந்து போய்க் கோப்பையைக் கண்டுபிடித்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் உறைகளை மடிக்கத் தொடங்கினாள்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"அண்ணே, என்கிட்ட வேண்டாம். சொல்லிட்டேன்."

"இந்த வருஷம் பனி கொஞ்சம் அதிகம் பாப்பா. பருவம் தப்பிப்போச்சு. முன்னெல்லாம்..."

"பனியாம் பனி!" உறையைக் கட்டிலில் அடித்தாள். "கொளுத்துற வெயில்ல கம்பளிக் கோட்டு! ஊரே உன் வார்த்தையை நம்பிச் சோத்துக்குக் காத்துக்கிடக்குது, நீ அங்க கோட்டைப் போட்டுக்கிட்டு வியர்வை வழிய நாடகம் ஆடுறியே! உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? இல்ல, அறிவுக்கும் புரை விழுந்துடுச்சா?"

அவர் தேநீரைக் குடித்தார். மெதுவாக, கடைசிச் சொட்டு வரை. எரிச்சல் மூட்டுவதற்கென்றே பிறந்த மனுஷர்.

"முதல்ல பனின்னுதான் நினைச்சேன்" என்றார் கடைசியில். "சத்தியமா. விடிஞ்சா பனி, மத்தியானம் பனி. இது என்னடா விடாத பனின்னு நானே திட்டிக்கிட்டிருந்தேன். ஒரு நாள் பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். முதுகுல வெயில் சுள்ளுன்னு சுடுது. முன்னால பனி. எந்த ஊர்ல பாப்பா அப்படி உண்டு? முதுகுக்கு வெயிலு, மூஞ்சிக்குப் பனி? அப்பத்தான் புரிஞ்சுது."

"புரிஞ்ச உடனே சொல்ல வேண்டியதுதானே!"

"யார்கிட்ட? ரேஞ்சர்கிட்டயா? பருந்துக்குக் கண்ணு போச்சுங்கன்னா? தெருவே சிரிக்கும்."

"அதனால ஊரை ஏமாத்தினியா?"

அவர் முகம் மாறியது. கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏமாத்தல. 'திறந்திருக்கு'ன்னு சொல்லியிருந்தா ஏமாத்து. திறந்திருக்குன்னு சொன்னா நூறு பேர் வருவாங்க. குழந்தைங்க கம்பியில ஏறும். எவன் எப்போ விளிம்புல நிக்கிறான்னு எனக்குத் தெரியாது. மூடியிருக்குன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. வராதவன் விழமாட்டான். அதுக்குத்தான் சொன்னேன். தினமும் ஆறரை மணிக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

மேனேஜரம்மாவின் கையில் உறை அப்படியே நின்றது. திட்டுவதற்கென்று மத்தியானமெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகள் ஒன்றையும் காணோம். அழுகை மட்டும் முட்டிக்கொண்டு வந்தது. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இந்த மனுஷர் தன் மேல் நிம்மதியாக ஒரு மணி நேரம் கோபப்படக்கூட விடமாட்டாரே!

"லீவு போட்டிருக்கலாமே" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எதுக்கு லீவுன்னு கேப்பாங்க."

"கண்ணுக்குன்னு சொல்றது."

"கண்ணுல கத்தி வைப்பாங்க பாப்பா."

இதோ, வந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் காட்டு யானைக்கும் பயப்படாமல் விசில் ஊதியவரின் பயம் இதுதான். குரல் சின்னப் பையனின் குரல் மாதிரி இறங்கிப்போனது.

"வச்சா என்ன? இப்ப மட்டும் அந்தக் கண்ணை வச்சு நீ என்ன சீமையைப் பாக்குறே? இன்னைக்கு ஒருத்தர் போயிருப்பார். அவர் சம்சாரம் இடுப்பு வாரைப் பிடிக்கலைன்னா போயிருப்பார். நீ விசிலை ஊதிக்கிட்டு எந்தப் பக்கம் ஓடினே தெரியுமா?"

அவர் காலிக் கோப்பையைத் தடவி எடுத்து, மறுபடி கீழே வைத்தார்.

"தெரியுமா?"

"தெரியும்" என்றார். "கல்லு விழுந்த சத்தம் பின்னாலேருந்து வந்துச்சு."

சுவர்க்கடிகாரம் நாலரையைக் காட்டியது. அவள் எழுந்துபோய் முன்மேஜையிலிருந்த போனைத் தூக்கி வந்து, வனத்துறை ரேஞ்சர் ஆபீசுக்கு எண்ணைச் சுழற்றி, மணி அடிக்கத் தொடங்கியதும் ரிசீவரை அவருடைய காதில் வைத்தாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் விடவில்லை. கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா... நான்தான், முனையிலேருந்து" என்றார். "ஆமாங்க. அதைப் பத்தித்தாங்க. முனையில பனி இல்லீங்க... இல்லீங்க ஐயா, மூடியிருக்குன்னு சொன்னது நான்தான்... இப்ப இல்லைன்னு சொல்றதும் நான்தான்... மூணு வாரமாவே இல்லீங்க. பனி என் கண்ணுலதான் இருக்கு."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. அண்ணனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு சமயம் சுருங்கியது, ஒரு சமயம் அசையாமல் நின்றது. "சரிங்க ஐயா" என்று நான்கு தடவை சொன்னார்.

கதவோரத்தில் செருப்புச் சத்தம். அட்டவணைக்காரர் நின்றிருந்தார். கையில் இரண்டு பக்கம் எழுதிய தாள். காவலாளியின் பதவிப் பெயரைச் சரியாகக் கேட்டு எழுதிக்கொள்ள வந்திருக்க வேண்டும். போனில் பேசியது முழுவதும் அவர் காதில் விழுந்திருந்தது. தாளைப் பார்த்தார். கிழவரைப் பார்த்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"வந்து... வெந்நீர் எப்ப வரும்?"

"ஆறு மணிக்குங்க சார்."

"சரி. ஆறுன்னா ஆறா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அப்படிச் சொல்லாமல் போயிருந்தால்தான் அவளுக்குப் பயமாக இருந்திருக்கும்.

அண்ணன் ரிசீவரை வைக்கத் தடவினார். அவள் வாங்கி வைத்தாள்.

"என்னவாம்?"

"நாளைக்குக் காலையில வேற ஆள் அனுப்புறாராம். சாவியைக் குடுத்துடணும். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தர்றாராம். அவங்க ஜீப்புலயே கூட்டிட்டுப் போவாங்களாம்."

"திரும்பி வந்தப்புறம்?"

"முனையில நிக்க விடுவாரான்னு சொல்லல. 'முதல்ல போய்ட்டு வாய்யா'ன்னார். கத்தினார். ரொம்பக் கத்தினார்." கொஞ்சம் நிறுத்தி, "அவர் இடத்துல நான் இருந்தாலும் கத்தியிருப்பேன்" என்றார்.

"நானும் ஜீப்புல வர்றேன்."

"நீ எதுக்கு? மேஜையை யாரு பாக்குறது?"

"மேஜை எங்கயும் ஓடிடாது. உன்னைத்தான் நம்ப முடியாது. பாதி வழியில இறங்கிக் காட்டுக்குள்ள ஓடிப்போயிடுவே."

"கண்ணு தெரியாம எங்க ஓடுவேன்?" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவளுக்கு மறுபடி கோபம் வந்தது. மூன்று வாரம் தெருவைப் பட்டினி போட்டவருக்குச் சிரிப்பு ஒரு கேடா!

எழுந்தார். கட்டில் முனையில் இடித்துக்கொண்டார். "இதை யாரு இங்க நகர்த்தி வச்சது?" என்று கட்டிலைத் திட்டினார். கட்டில் பத்தொன்பது வருஷமாக அங்கேயேதான் இருந்தது.

வாசல் வரை அவள் கூடவே போனாள். முழங்கையைப் பிடித்தாள். அவர் உதறினார்.

"விடு. எனக்கு இந்த ஊர்ல தெரியாத படியா?"

"இருட்டறதுக்குள்ள போய்ச் சேரு. நேரா வீட்டுக்குப் போ. முனைக்குப் போனே, காலை உடைப்பேன்."

"சரி சரி. உன் வாய் இருக்கே!"

வாசலுக்கு வெளியே தெருவுக்கு இறங்க ஆறு படி. அவர் முதல் படியைக் காலால் தேடினார். கண்டுபிடித்தார். அவள் கதவைப் பாதி திறந்து பிடித்தபடி, எட்டிப் பார்க்காமல், காதை மட்டும் கொடுத்து நின்றாள். பார்த்தால் ஓடிப்போய்ப் பிடிக்கத் தோன்றும். பிடித்தால் அவர் மறுபடி உதறுவார். இரண்டு பேருக்கும் மறுபடி சண்டை வரும். இரண்டு. மூன்று. நான்காவதில் ஒரு தடுமாற்றம், அதைத் தொடர்ந்து படியைக் கட்டின கொத்தனாரின் குலத்தையே இழுத்து ஒரு வசவு. ஐந்து. ஆறு.

செருப்பு தெருவின் மண்ணில் இறங்கிய சத்தம் கேட்டது. அவள் கதவைச் சாத்தினாள்.